ரிமோட்டில் இருபத்திரண்டு

நவம்பர் 17, ஞாயிறு

என் கணவர் மயூரதன் இன்று மத்தியானம் கப்பலுக்குப் போய்விட்டார். ஆழ்கடலில் மீன் பிடித்து, அங்கேயே வெட்டி உறைய வைக்கிற பெரிய கப்பல். ஏறினால் டிசம்பர் கடைசியில், நத்தாருக்குக் கிட்டத்தான் இறங்குவார். கப்பலில் இன்ரநெற் இருப்பதால் போனில் கதைக்கலாம்.

போக முதல் வீட்டை ஒழுங்குபண்ணி வைத்துவிட்டுத்தான் போனார். இலையுதிர்காலத்தில் பூட்டின புது ஹீட் பம்ப் சுவரில் மெல்ல இரைந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்குள் ஒரு பெட்டி, வெளிச்சுவரோடு ஒரு பெட்டி. வெளியில் எவ்வளவு குளிர் என்றாலும் அந்தக் காற்றிலிருந்தே சூட்டைப் பிழிந்து உள்ளே அனுப்புமாம். இது இருக்க வேறு ஒன்றும் வேண்டாம் என்று பழைய மின்சார ஹீற்றர்களைக் கழற்றிப் படகுக் கொட்டிலில் வைத்துப் பூட்டிவிட்டார். கரண்ட் தின்னிகள் என்றார். விறகு அடுப்பின் வாய்க்கும் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார், மகள் இயலினி கையைச் சுட்டுக்கொள்வாள் என்று. மூன்று வயது, எதையும் தொட்டுத்தான் பார்ப்பாள். அவர் சொல்வதும் சரிதான்.

"ரிமோட்டில இருபத்திரண்டு வைச்சிருக்கிறன். நீர் ஒண்டும் தொடத் தேவையில்லை" என்றார்.

நான் நாட்குறிப்பு எழுதுவது அவருக்குத் தெரியும். வந்ததும் எடுத்து வாசிப்பார். அதில் ஒளிக்க எனக்கு என்ன இருக்கிறது.

நவம்பர் 19, செவ்வாய்

நோர்வேக்கு வந்து நாலு வருசத்துக்குப் பிறகு இன்று நொஸ்க் மொழி வகுப்புக்குப் போனேன். செவ்வாயும் வியாழனும், நகரசபைக் கட்டடத்தில். இயலினியைப் பக்கத்து அறையிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஜெயராணி அக்காதான் என் பெயரைப் பதிந்துவிட்டவ. பின்னேரம் போனில் மயூரதனிடம் சொன்னேன். என்ன நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டார். "நல்லது" என்றார்.

புட்டும் மீன் குழம்பும்.

நவம்பர் 21, வியாழன்

வகுப்பால் வந்து கதவைத் திறந்தால் வீடு குளிர்ந்து கிடக்கிறது. மெசின் வெறும் காற்றை ஊதுகிறது. ரிமோட்டைப் பார்த்தால் இருபத்திரண்டு என்றுதான் காட்டுகிறது.

மெசினோடு வந்த புத்தகத்தில் படங்களைப் பார்த்து மூடியைத் தூக்கி, வலைகளை இழுத்து எடுத்தேன். பூனை மயிர் போலத் தூசி. பாத்திரம் கழுவுகிற சோப்பில் கழுவித் துடைத்துப் போட்டேன். இயலினிக்கு ஒரே சந்தோசம், அவளும் ஒரு வலையைக் கழுவினாள். ஆனால் சூடு வரவில்லை.

கடைசியில் அவருக்குப் போன் எடுத்தேன்.

"நிறுத்திப்போட்டுத் திரும்பப் போடும்" என்றார். ரிமோட்டில் நிறுத்திப் போட்டேன். கொஞ்சத்தில் சூடு வந்துவிட்டது. நடுக்கடலில் இருந்துகொண்டு வீட்டைத் திருத்துகிற ஆள்.

நவம்பர் 24, ஞாயிறு

மெசினில் ஒரு பிழையும் இல்லை. மிளகாய் வறுத்த நெடி போகக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். சிறிது நேரத்தில் அவர் எடுத்தார்.

"ஏன் கதவைத் திறந்து வைச்சிருக்கிறீர்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"என்ர வீடு எனக்குத் தெரியாதே?"

இப்படி ஒரு மனிசன். உடனே கதவைச் சாத்திவிட்டேன்.

நவம்பர் 26, செவ்வாய்

வகுப்பு. திரும்பி வந்தால் அதே கதை. இந்த முறை வெளியில் போய்ப் பார்த்தேன். வெளிப்பெட்டி முழுக்க வெள்ளைப் பனி ஒட்டி இறுகிப்போய் நின்றது. இந்த வடகோடியில் சூரியன் இனித் தைமாதம்தான் வரும். மத்தியானத்திலேயே நீலமாக ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். ரோச் லைட்டைப் பிடித்துக்கொண்டு அடியில் சேர்ந்திருந்த சினோப் பனியைச் சவளால் வழித்துத் தள்ளினேன். திடீரென்று விசிறி நின்று, பெட்டியின் எல்லாப் பக்கத்தாலும் குபுகுபுவென்று புகை. நெருப்புத்தான் பிடித்துவிட்டது என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

ஜெயராணி அக்காவுக்குப் போன் பண்ண, அவ சிரிக்கிறா. "எடி, அது புகை இல்லை, ஆவி. தன்னில பிடிச்ச ஐசைத் தானே உருக்குது. எல்லா வீட்டிலயும் அப்பிடித்தான்."

ஐஸ் உருகி முடிந்தது. விசிறியும் சுற்றியது. ஆனால் வீட்டுக்குள் சூடு வரவில்லை. அவரிடம் சொல்லி, நிறுத்திப் போட்ட பிறகுதான் வந்தது.

இயலினி இருமுகிறாள்.

நவம்பர் 28, வியாழன்

இருமல் கூடிவிட்டது. வகுப்புக்குப் போகவில்லை. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். நாள் முழுக்க வீடு நல்ல சூடு.

"பாத்தீரே, நீர் வீட்டில நிண்டால் மெசினும் ஒழுங்கா நிக்குது" என்றார். பகிடிதான்.

டிசம்பர் 3, செவ்வாய்

கடலுக்கு மேல் ஆவி எழும்புகிற குளிர். வகுப்பில் 'என் வீட்டில்' என்று தொடங்கி ஐந்து வசனம் எழுதச் சொன்னார்கள். எனக்கு ஐந்தும் சரி.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற, நிலம் ஐசாகச் சுட்டது. குசினியில் வைத்த தண்ணீர்ப் போத்தலைத் தொட முடியவில்லை. ரிமோட்டில் இருபத்திரண்டு. நிறுத்திப் போட்டேன், சூடு வந்தது. சோறு வைத்து இறக்குவதற்குள் திரும்பக் குளிர்ந்துவிட்டது. சூடு போகிறதுக்குச் சற்று முந்தி மெசின் "கீக்" என்று ஒரு சத்தம் போடும். ரிமோட்டை அமத்தினால் வருமே, அதே சத்தம். நான் அமத்தவில்லை. அமத்தினேனோ என்னவோ, இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

பாண் சுடுகிற மின்சார அடுப்பைத் திறந்து வைத்து, அதன் முன்னால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

திருத்துகிற ஆளைக் கூப்பிடட்டோ என்று கேட்டேன்.

"தேவையில்லை. நான் வந்து பாக்கிறன். நான் இல்லாத வீட்டுக்குள்ள ஆக்களை எடுக்காதையும். உமக்குப் பட்டன் அமத்தத் தெரியேல்லை, அவ்வளவுதான்."

அப்படியும் இருக்கலாம். காற்றுத் திசை காரணமாகவும் இருக்கலாம். செவ்வாய், வியாழனில் இங்கே வடக்குக் காற்று கூடுதலாக அடிக்குதோ தெரியாது.

டிசம்பர் 5, வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை, டொக்டரிடம் போனோம். இயலினிக்கு நெஞ்சுச் சளி, மூச்சுக்குழாய் வீங்கியிருக்கிறதாம். மூச்சு இழுக்கிற மருந்தும், முகத்தில் வைத்துப் பிடிக்கிற குழாயும் தந்தார்கள்.

"வீடு குளிரா?" என்று டொக்டர் கேட்டா.

இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன்.

அவரிடம் சொன்னதும் குரல் இளகிவிட்டது. "பாவம் பிள்ளை. வகுப்பை விடும். பிள்ளையைவிட அது பெரிசே?" விடுகிறேன் என்றேன்.

இன்றைக்கு வீடு அடுப்பங்கரை மாதிரிச் சூடு.

டிசம்பர் 8, ஞாயிறு

ஜெயராணி அக்கா சூப்போடு வந்தா. வந்த கையோடு பலகை அடித்த விறகு அடுப்பைப் பார்த்தா. ஹீற்றர்கள் கழற்றின இடங்களில் சுவரில் தெரிகிற வெள்ளைச் சதுரங்களையும் பார்த்தா.

"இதெல்லாம் எங்கயடி?"

"கரண்டுக்காசு கூட வருதெண்டு அவர் கழட்டி வைச்சவர் அக்கா."

"இந்த ஊரில, டிசம்பர் மாசத்தில, ஒரு பச்சைப்பிள்ளையை வைச்சுக்கொண்டு?"

மெசின் பழுதைச் சொன்னேன். எந்த நாள், எந்த நேரம் என்று துருவித் துருவிக் கேட்டா. பிறகு சூப்பைப் பிள்ளைக்குத் தீத்தினா. அவவோடு வேலை செய்கிற ஒருத்தியின் மகள் சில்யே ஹீட் பம்ப் திருத்துகிறவளாம். புதன்கிழமை வரச் சொல்லியாச்சு என்று, போகும்போது கதவடியில் நின்று சொன்னா. வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவ காரை எடுத்துவிட்டா.

டிசம்பர் 11, புதன்

நடந்தபடியே எழுதுகிறேன்.

சில்யே மத்தியானத்துக்கு முதல் வந்தாள். என் வயதுதான் இருக்கும். வெளிப்பெட்டியைத் திறந்து குழாய்களில் மானியைப் பூட்டி அழுத்தம் பார்த்தாள். காஸ் நிறைய இருக்கிறது, விசிறி நல்லது, ஐஸ் உருக்குகிற வேலையும் ஒழுங்காக நடக்கிறது என்றாள். எனக்கு விளங்கட்டும் என்று சின்னச் சின்ன வசனமாகப் பேசினாள். உள்ளே வந்து வலைகளைப் பார்த்து, "வடிவாகக் கழுவியிருக்கிறாய்" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த நேரம் அவர் எடுத்தார்.

"என்ன செய்யிறீர்?"

"சும்மா இருக்கிறம். பிள்ளை படம் பாக்கிறாள்."

சில்யேயின் சுத்தியல் கீழே விழுந்து சத்தம் போட்டது.

"ஆர் அங்க?"

"ஒருத்தரும் இல்லை."

போனை வைத்துவிட்டார்.

சில்யே மேசையில் இருந்து ரிமோட்டைச் சோதித்துக்கொண்டிருந்தாள். பின்மூடியைத் திறந்து பற்றரிகளை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். அப்போது மெசின் "கீக்" என்றது. சுவரில் இருந்த சின்னப் பச்சை வெளிச்சம் ஒருதரம் சிமிட்டியது. காற்று மெல்ல மெல்ல அடங்கிப் போனது.

சில்யே உள்ளங்கையில் கிடந்த பற்றரிகளைப் பார்த்தாள். மெசினை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது பழுது இல்லை" என்றாள். "சொன்னதைக் கேட்கிறது. ஆரோ பத்துப் பாகைக்கு இறக்கியிருக்கினம். ஆள் இல்லாத வீட்டுக்கு வைக்கிற சூடு அது."

மூடியைத் தூக்கி, பக்கத்தில் செருகியிருந்த தீப்பெட்டி அளவான ஒரு சாமானைக் காட்டினாள். வைஃபைப் பெட்டி. எங்கே இருந்தாலும் கைப்போனில் இருந்தே சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம், அறை எவ்வளவு சூடு என்றும் பார்க்கலாம். போனில் மாற்றினது ரிமோட்டுக்குத் தெரியாது. அது பழையபடி இருபத்திரண்டு என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

"ஆரின்ர போனில இருக்கு?"

தெரியாது என்றேன். இன்ரநெற் பிழையாக இருக்கலாம் என்றேன்.

அவள் மெசினைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "உனக்கு இந்த வீட்டில் பயம் இல்லையா?"

"எல்லாம் நல்லம்" என்றேன். வகுப்பில் முதல்நாள் படித்த பதில்.

அந்தப் பெட்டியைக் கழற்றிவிடட்டா என்று கேட்டாள். வேண்டாம், வேண்டாம் என்று கையைப் பிடித்துவிட்டேன். அவள் வற்புறுத்தவில்லை. எந்தக் கொளுவியை அமத்தினால் கழலும் என்று மட்டும் காட்டினாள். தன் வானில் இருந்து ஒரு சின்ன ஹீற்றரைக் கொண்டுவந்து படுக்கை அறையில் வைத்துவிட்டுப் போனாள்.

இன்ரநெற் பிழையாகத்தான் இருக்க வேண்டும்.

டிசம்பர் 12, வியாழன்

வீடு சூடாக இருந்தது. இயலினிக்கு மருந்து பிடித்து, சாப்பாடு தீத்தி முடித்தேன். பிறகு அவருக்கு எடுத்தேன்.

"இண்டைக்கு வகுப்புக்குப் போட்டு வரட்டே? பிள்ளைக்கு இப்ப சுகம்."

"உம்மட விருப்பம்" என்றார்.

நான் போகவில்லை. எனக்கும் பிள்ளைக்கும் ஜக்கெற், தொப்பி எல்லாம் போட்டு, மெசினுக்கு முன்னால் நிலத்தில் இருத்தினேன். ரிமோட்டை என் மடியில் வைத்து, இரண்டு கையையும் அதற்கு மேல் வைத்திருந்தேன். இயலினி எங்கே போகிறோம் என்று கேட்டாள். ஒரு இடமும் இல்லை, இது ஒரு விளையாட்டு என்றேன். அவள் பொம்மைக்கும் தொப்பி போட்டாள்.

"கீக்."

காற்று நின்றது.

வடக்குக் காற்று இல்லை. இன்ரநெற் இல்லை. என் கை இல்லை. பிள்ளையின் நெஞ்சு விசிலடிக்கிறது அவருக்குத் தெரியும். நானே சொன்னேன். தெரிந்துகொண்டுதான் செய்கிறார்.

இனி இந்தக் கொப்பியை அவருக்குக் காட்டமாட்டேன்.

டிசம்பர் 13, வெள்ளி

காலையில் இருந்து புயல். சினோ வழிக்கிற வண்டிகூட வரவில்லை, பெரிய றோட்டைப் பூட்டிவிட்டார்கள். நேற்று நிறுத்தினதை அவர் திரும்பப் போடவில்லை. நான் ரிமோட்டால் போட்டேன். "கீக்." நின்றது. திரும்பப் போட்டேன். திரும்ப நின்றது. கடலில் எங்கேயோ ஒருவர், வீட்டில் நான். இரண்டு பேரும் மாறி மாறி அமத்திக்கொண்டிருந்தோம். இயலினி ஒவ்வொரு சத்தத்துக்கும் கை தட்டினாள். பிறகு இருமல் வந்து கை தட்டுவதை விட்டுவிட்டாள்.

சில்யேயின் ஹீற்றர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்தப் புயலுக்கு அது போதவில்லை. யன்னலுக்குள் பக்கம் ஐஸ் பிடித்திருந்தது. பிள்ளையின் உதட்டைப் பார்த்தேன். நல்ல நிறமாக இல்லை.

அவரே எடுத்தார்.

"ஆர் புதன்கிழமை வீட்டுக்கு வந்தது?"

"முதல்ல சூட்டைப் போடுங்கோ. பிள்ளைக்கு மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்கு."

அப்படி நேராக நான் அவரிடம் பேசினதே இல்லை.

"அப்ப உனக்குத் தெரியும்" என்றார்.

கலியாணம் கட்டின நாளில் இருந்து என்னை நீர் என்றுதான் கூப்பிடுவார். இன்றைக்குத்தான் முதல்தரம் நீ.

"நான் சொல்லுறபடி இருந்தால் வீடு சூடா இருக்கும். அவ்வளவுதான் விசயம். இதில விளங்காமல் என்ன இருக்கு? மன்னிப்புக் கேள், போடுறன்."

இயலினி என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். கேட்டேன். என் பிள்ளைக்காகக் கேட்டேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொன்னேன்.

"கீக்." சூடு வந்தது.

"பார், எவ்வளவு சுகம்" என்றார்.

போனை வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு ஏறினேன். மூடியைத் தூக்கினேன். கொளுவி எனக்குச் சரிவரவில்லை, நகம் உடைந்து இரத்தம் வந்தது. கரண்டிக் காம்பை விட்டு நெம்பிப் பெட்டியைப் பிடுங்கி எடுத்தேன். பிறகு ரிமோட்டில் இருபத்து நாலு வைத்தேன்.

மெசின் இரைந்தது. நின்று பார்த்தேன். அது தன்பாட்டில் ஓடியது, நிற்கவில்லை. பிள்ளைக்கு மருந்து பிடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் இரத்தம் வந்தது.

போன் அடிக்கத் தொடங்கியது. அடித்தடித்து மேசையில் நகர்ந்துபோய் விளிம்பில் நின்றது. நான் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு செய்தி வந்தது.

'கப்பல் சொன்ன நாளுக்கு முந்தியே கரைக்கு வருது. நான் வந்து மெசினைத் திருத்துறன்.'

ஜெயராணி அக்காவுக்குப் போன் எடுத்து, எங்களைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன்.

டிசம்பர் 14, சனி

விடிய றோட்டைத் திறந்துவிட்டார்கள். ஜெயராணி அக்காவும் சில்யேயும் வானில் வந்தார்கள். உடுப்பு, மருந்து, பிள்ளையின் பொம்மை எடுத்தேன். பாஸ்போட்டுகள் அலுமாரியில் இல்லை, என்னுடையதும் இல்லை, இயலினியுடையதும் இல்லை. எல்லா லாச்சியையும் இழுத்துப் பார்த்தேன். ஹீற்றர்களைக் கழற்றின அன்றைக்கே இதையும் எடுத்திருக்கிறார்.

"விடு, ஆளோட வா" என்றா அக்கா.

அவ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வானில் ஏறின பிறகுதான், "ஞாயிற்றுக்கிழமையே எனக்கு விளங்கினது. நீ வாயால சொல்ல வேணுமெண்டு நிண்டன். நிண்டிருக்கக்கூடாது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தா.

வேறு ஊரில், வீட்டில் இருக்கப் பயந்து பெண்களும் பிள்ளைகளும் வந்து நிற்கிற ஒரு வீட்டில் எங்களை விட்டார்கள். வாசலில் பெயர்ப்பலகை இல்லை.

டிசம்பர் 16, திங்கள்

இயலினியை இங்கத்தைய டொக்டர் பார்த்தார். நெஞ்சு தெளிகிறதாம். வீடு குளிரா என்று அவரும் கேட்டார். ஓம் என்றேன்.

வெளியில் கார் சத்தம் கேட்டால் யன்னலுக்குப் போகிறேன். சீலையை விலக்கப் பயமாக இருக்கிறது, விலக்காமல் விடவும் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 18, புதன்

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஜெயராணி அக்கா சொல்ல முதலே எனக்குத் தெரியும். காலையில் அவர் செய்தி அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை, போன் அழைப்பும் இல்லை.

இங்கே எங்களைப் பார்த்துக்கொள்கிற மாரித் என்ற அம்மா ஒரு பொலிஸ்காரியைக் கூட்டிவந்தா. மூன்று பேரும் சின்ன அறையில் இருந்தோம். மிரட்டினாரா, அடிப்பேன் என்று எழுதினாரா என்று பொலிஸ்காரி கேட்டாள். இல்லை என்றேன். கடைசியாக என்ன எழுதினார் என்று கேட்டாள். போனைக் காட்டினேன். தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பினாள், நொஸ்க்கில் சொல் என்று.

சொன்னேன்.

'மெசின் இப்ப நல்லா வேலை செய்யுது. வீடு நல்ல சூடு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா.'

பொலிஸ்காரி அதை எழுதிக்கொண்டாள். பேனையை மூடினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, குழப்பத்தோடு, "இது அன்பாகத்தானே எழுதியிருக்கிறார்?" என்றாள்.

மாரித்தும் என்னைப் பார்த்தா.

மொழிபெயர்ப்பாளர் நாளைக்குத்தான் வருவாராம். இதை நாளைவரைக்கும் மனதில் வைத்திருக்க என்னால் முடியாது. எனக்குத் தெரிந்த சொற்கள் கொஞ்சம். இறந்தகாலம் இன்னும் சரியாக வராது. நான் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தேன்.

"இல்லை" என்றேன். "இலையுதிர்காலம். என் புருசன் ஒரு மெசின் வாங்குகிறார்."

அவள் பேனையைத் திரும்பத் திறந்தாள்.